உங்கள் ஐ.பி. முகவரி யார் பெயரில் இருக்கிறது?

2005ஆம் வருஷம். கிண்டி தொழிற்பேட்டையில் இருபது பேர் கொண்ட ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவரை டயல்-அப், கேபிள் என்று ஒப்பேற்றிக்கொண்டிருந்த ஆபீசுக்கு லீஸ்டு லைன் வந்தது. கூடவே எட்டு ஸ்டாட்டிக் ஐ.பி. எட்டு என்பது பேச்சுக்குத்தான். முதல் எண் நெட்வொர்க்குக்குப் போய்விடும், கடைசி எண் பிராட்காஸ்டுக்கு, இன்னொன்று ஐ.எஸ்.பி.யின் ரூட்டருக்கு. கையில் நிற்பது ஐந்து. அதில் ஒன்றில் மெயில் சர்வரைப் போட்டேன். முதல் வாரமே தலைவலி. அனுப்புகிற மெயிலில் பாதி திரும்பி வருகிறது.

தேடிப் பார்த்ததில், எங்கள் முகவரி ஒரு ஸ்பேம் கறுப்புப் பட்டியலில் இருந்தது. நாங்கள் லைன் வாங்கியே பத்து நாள்தான் ஆகிறது, நாங்கள் எப்படி ஸ்பேம் அனுப்பியிருக்க முடியும்? பட்டியல் வைத்திருப்பவர்களுக்கு எழுதினால், "அந்த முகவரி யார் பேரில் பதிவாகியிருக்கிறதோ அவர்கள் கேட்கட்டும்" என்று பதில். சீனியர் ஒருவர், "ஹூ-இஸ் போட்டுப் பாருடா" என்றார். போட்டேன். எங்கள் எட்டு முகவரிகளுக்கு நேராக வேறொரு ஏற்றுமதி கம்பெனியின் பேர், கதவு எண், டெலிபோன் நம்பர்.

அந்த நம்பருக்கு போன் செய்தேன். எடுத்தவர் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சார், அந்த லைனை நாங்க சரண்டர் பண்ணி ரெண்டு வருஷம் ஆச்சு. இன்னும் எங்களுக்குத்தான் திட்டி மெயில் வருது. ஆமா, நீங்க யாரு?"

என்ன பதில் சொல்வது? உங்க பேர்ல இருக்குற வீட்ல வாடகைக்கு இருக்கிறவன் என்றா?

பதிவை மாற்ற மூன்று வாரம் ஆனது. "லைன் வேலை செய்யுதா இல்லையா சார்? அதை மட்டும் சொல்லுங்க" என்பதுதான் ஐ.எஸ்.பி. ஹெல்ப்டெஸ்கின் நிரந்தர பதில். அந்த மூன்று வாரத்தில் எனக்குள் ஒரு கேள்வி உட்கார்ந்துகொண்டது. இந்தப் பேரேட்டை எழுதுவது யார்? எதற்காக எழுத ஆரம்பித்தார்கள்? காலி செய்தவன் பேரை ஏன் யாருமே அடிப்பதில்லை? அன்றிலிருந்து அவ்வப்போது பழைய ஆவணங்களைத் தோண்டி எடுத்த குறிப்புகள்தான் கீழே இருப்பவை.

ஒருவர் வைத்திருந்த பட்டியல்

இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் காலத்தில் எண்களைப் பங்கிடுவதற்கென்று ஆபீஸ் எதுவும் கிடையாது. ஜான் போஸ்டல் இருந்தார். 1972 மே மாதம் அவர் எழுதிய 349ஆம் ஆர்.எஃப்.சி. குறிப்பில், சாக்கெட் எண்களைக் கொடுப்பதற்கு ஒரு 'ஜார்' வேண்டும் என்று சொல்லி, அது நானாக இருக்கலாமா என்று அடைப்புக்குறிக்குள் கேட்டிருப்பார். யாரும் மறுக்கவில்லை. அதன்பின் 1998 அக்டோபரில் இறக்கும்வரை இணையத்தின் எண்களோடு அவர் பேர் ஒட்டிக்கொண்டே இருந்தது.

1981 செப்டம்பரில் இரண்டு ஆவணங்கள் அடுத்தடுத்து வந்தன. 791ஆம் ஆர்.எஃப்.சி. இன்றும் நாம் பயன்படுத்தும் ஐ.பி. நான்காம் பதிப்பை வரையறுத்தது. 32 பிட், அதாவது 429 கோடிச் சொச்சம் முகவரிகள். 790ஆம் ஆர்.எஃப்.சி. எந்த எண் யாருக்கு என்ற பட்டியல். பதினெட்டில் தொடங்கும் முகவரிகள் எம்.ஐ.டி.க்கு, பத்தில் தொடங்குபவை ஆர்பாநெட்டுக்கு என்று போகும். இப்படி ஒரு எண்ணைக் கொடுத்தால் 1,67,77,216 முகவரிகள் கொடுத்ததாக அர்த்தம். அதை 'ஏ' வகுப்பு என்றார்கள். 65,536 உள்ளது 'பி', 256 உள்ளது 'சி'. இடையில் வேறு அளவு கிடையாது. ஏக்கராகக் கேட்டால் ஏக்கர், இல்லாவிட்டால் ஊர். அப்போது யாரும் காசும் வாங்கவில்லை, பத்திரமும் எழுதவில்லை.

அந்தப் பட்டியலில் எனக்குப் பிடித்தது ஒரு சின்ன விஷயம். ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் பக்கத்தில் ஒரு மனிதருக்கான குறியெழுத்து இருக்கும். கடைசிப் பக்கங்களில் அந்தக் குறியெழுத்துகளுக்கு உரியவர்களின் பேர், நிறுவனம், மெயில் முகவரி. அதாவது எண்ணுக்குப் பக்கத்தில் முதலில் எழுதப்பட்டது உரிமையாளர் பேர் இல்லை. ஏதாவது கோளாறு என்றால் யாரைக் கூப்பிடுவது என்பதுதான்.

போன் புத்தகமாகத்தான் ஆரம்பித்தது

இந்தப் 'யாரைக் கூப்பிடுவது' வேலையைப் பெரிய அளவில் செய்தது கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் இருந்த எஸ்.ஆர்.ஐ. நிறுவனத்தின் தகவல் மையம். எலிசபெத் ஃபெயின்லர் தலைமையில் ஒரு குழு ஆர்பாநெட்டின் பெயர்ப் பட்டியலையும் தொடர்பு விவரப் புத்தகத்தையும் தயாரித்துக்கொண்டிருந்தது. 1982 மார்ச்சில் அதே மையத்தைச் சேர்ந்த கென் ஹாரன்ஸ்டீனும் விக் ஒயிட்டும் அந்தப் புத்தகத்தை ஆன்லைனில் கேட்டுப் பெறும் வழியை 812ஆம் ஆர்.எஃப்.சி.யில் எழுதினார்கள். அதுதான் ஹூ-இஸ். 43ஆம் போர்ட்டைத் திறந்து ஒரு பேரைத் தட்டினால் விவரம் வரும். நான் 2005இல் கிண்டியில் தட்டியதும் இதே 43தான்.

நெட்வொர்க்கில் போக்குவரத்து செய்யக்கூடிய ஒவ்வொரு தனிநபரும் தன் பேர், தபால் முகவரி, டெலிபோன் நம்பர், மெயில் முகவரி எல்லாவற்றையும் பதிந்துகொள்ள வேண்டும் என்று அந்த ஆவணம் கேட்டுக்கொண்டது. இன்று இதைப் படித்தால் திக்கென்று இருக்கும். அன்று எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள், அல்லது தெரிந்தவருக்குத் தெரிந்தவர்கள். சின்ன கிராமத்தில் யார் வீட்டு மாடு வயலில் மேய்ந்தாலும் யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று தெரியுமே, அந்த மாதிரி.

1987இல் ஐ.பி. எண்களைக் கொடுக்கும் அன்றாட வேலையும் போஸ்டலிடமிருந்து இந்த மையத்துக்கு வந்தது. 1991இல் அது அமெரிக்க அரசின் ஒப்பந்தம் வழியாக வேறு கைக்கு மாறி, நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் நிறுவனத்திடம் போனது. கிராமம் நகரமாகிக்கொண்டிருந்தது.

சொந்த நிலம் குத்தகை நிலமான கதை

1990களின் தொடக்கம்வரை உங்கள் கம்பெனிக்கு முகவரி வேண்டுமென்றால் நேராகப் பதிவகத்துக்கே படிவம் அனுப்புவீர்கள். ஒரு 'சி' வகுப்பு கிடைக்கும். அது உங்களுடையது. ஐ.எஸ்.பி.யை மாற்றினாலும் எண் உங்களோடு வரும்.

கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? இதில் ஒரு சிக்கல். தபால் இலாகாவை நினைத்துக்கொள்ளுங்கள். கிண்டி தொழிற்பேட்டைக்கு 600032 என்று பின்கோடு போட்டால், டெல்லியில் தபால் பிரிப்பவர் முதல் எண்ணைப் பார்த்துத் தெற்கே தள்ளிவிடுவார். கிண்டி எங்கே என்று அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. இதே பின்கோடு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லாமல் கொடுக்கப்பட்டிருந்தால்? இந்தியாவில் உள்ள ஒவ்வொரு தபால் ஆபீசும் ஒவ்வொரு வீட்டையும் மனப்பாடம் செய்ய வேண்டும். 1992 வாக்கில் இணையத்தின் மைய ரூட்டர்களுக்கு நேர்ந்தது இதுதான். இன்னொரு பக்கம், 256 போதாது என்று எல்லோரும் 'பி' கேட்டதில் அதுவும் தீர்ந்துகொண்டிருந்தது.

1993 செப்டம்பரில் வந்த 1519ஆம் ஆர்.எஃப்.சி. வகுப்புகளை ஒழித்தது. வேண்டிய அளவுக்கு நறுக்கிக் கொடுக்கலாம். ஆனால் நறுக்கிக் கொடுப்பவர் ஐ.எஸ்.பி. பெரிய தொகுதி அவர் பேரில் இருக்கும். வாடிக்கையாளர் அதற்குள் ஒரு துண்டு. வெளியுலக ரூட்டர்களுக்கு ஐ.எஸ்.பி.யின் ஒரே ஒரு வரி போதும். நம் பின்கோடு கணக்குதான்.

இதன் சமூக விளைவை வெளிப்படையாகச் சொன்னது 1996 அக்டோபரில் யாகோவ் ரெக்டரும் டோனி லீயும் எழுதிய 2008ஆம் ஆர்.எஃப்.சி. முகவரியைச் சொந்தமாக வைத்திருப்பது ஒரு முறை, இரவல் வாங்குவது இன்னொரு முறை. இணையம் இவ்வளவு பெரிதான பிறகு இரண்டாவதுதான் தாங்கும் என்பது அவர்கள் வாதம். ஐ.எஸ்.பி.யை விட்டுப் போனால் எண்ணைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

நாம் மாசாமாசம் காசு கட்டி வாங்கும் ஸ்டாட்டிக் ஐ.பி. இந்த இரவல்தான். ஸ்டாட்டிக் என்றால் மாறாது என்று அர்த்தமே தவிர, நமது என்று அர்த்தமில்லை. பட்டா ஐ.எஸ்.பி. பேரில். நாம் குத்தகைக்காரர்கள்.

சேர்க்க லாபம், நீக்க நஷ்டம்

இதே காலத்தில் பதிவகமும் கண்டம்வாரியாகப் பிரிந்தது. ஐரோப்பாவுக்கு 1992இல் ஆம்ஸ்டர்டாமில் ரைப் என்.சி.சி. ஆசிய பசிபிக்குக்கு 1993இல் டோக்கியோவில் ஏப்நிக், பிறகு 1998இல் பிரிஸ்பேனுக்குக் குடிபெயர்ந்தது. வட அமெரிக்காவுக்கு 1997 டிசம்பரில் ஆரின். இந்தியாவுக்குள் பங்கிட, ஏப்நிக்கின் கீழ் 2012இல் ஐரின் வந்தது.

இனி என் கிண்டிக் கேள்விக்கு வருகிறேன். எட்டு முகவரியை ஒரு கம்பெனிக்குக் கொடுத்தால் அதன் பேரைப் பதிவகத்தில் ஏற்ற வேண்டும் என்று ஐ.எஸ்.பி.க்கு என்ன தலையெழுத்து? நல்லெண்ணமா?

இல்லை. கணக்கு. ஒரு ஐ.எஸ்.பி. அடுத்த தொகுதி கேட்டுப் போனால், ஏற்கெனவே வாங்கியதில் 80 சதவீதம் பயன்பாட்டில் இருப்பதைக் காட்ட வேண்டும் என்பது பதிவகங்களின் விதியாக இருந்தது. எப்படிக் காட்டுவது? வாடிக்கையாளர் பேர்களைப் பட்டியலிட்டுத்தான். அமெரிக்காவில் இதற்கு ஸ்விப் என்று ஒரு மெயில் படிவமே இருந்தது. எட்டு முகவரிகளோ அதற்கு மேலோ கொடுத்தால் ஏழு நாளுக்குள் பதிய வேண்டும் என்று ஆரின் விதி சொல்கிறது.

இப்போது ஐ.எஸ்.பி.யின் நாற்காலியில் உட்கார்ந்து யோசியுங்கள். புது வாடிக்கையாளரைச் சேர்த்தால் பயன்பாட்டுக் கணக்கு ஏறும், அடுத்த தொகுதிக்கு வழி பிறக்கும். போனவரை நீக்கினால் கணக்கு இறங்கும். அதற்கு யாரும் பாராட்டப் போவதில்லை, சம்பளத்துக்கு ஆள் வேறு போட வேண்டும். சேர்ப்பதில் லாபம், நீக்குவதில் நஷ்டம். போன் புத்தகமாக ஆரம்பித்தது கணக்கு நோட்டாக மாறியபோது, அந்த ஏற்றுமதி கம்பெனியின் பேர் அங்கேயே தங்கிப்போனதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. யாரும் சதி செய்யவில்லை. அடிப்பது யாருடைய வேலையாகவும் இல்லை, அவ்வளவுதான்.

2004இல் ஏப்நிக் ஒரு மாற்றம் கொண்டுவந்தது. வாடிக்கையாளர் விவரங்களைப் பொதுவில் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. ஐ.எஸ்.பி. விரும்பினால் காட்டலாம். தனிநபர் அந்தரங்கத்தை நினைத்து எடுத்த முடிவு, நல்ல முடிவும்கூட. அதற்கு ஒரு விலையும் இருந்தது. அழுக்கான பேரேடு சுத்தமாகிவிடவில்லை. கடையின் உள்ளறைக்குப் போய்விட்டது. முன்பு தப்பான பேர் எல்லோர் கண்ணிலும் பட்டது. இனி ஐ.எஸ்.பி.யின் கண்ணுக்கு மட்டும்.

தப்பான வரி என்ன செய்யும்?

என் கதையில் பாதி மெயில் திரும்பி வந்தது, மூன்று வாரம் வீணானது. அதோடு போயிற்று. இரண்டு வருஷம் கழித்து, 2007 ஆகஸ்ட் கடைசியில், பெங்களூரில் ஒரு மென்பொருள் பொறியாளரை புனே போலீஸ் கைது செய்தது. ஆர்குட்டில் சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்தும் படத்தைப் போட்டதாகக் குற்றச்சாட்டு. ஆதாரம், ஒரு ஐ.பி. முகவரி. அந்த முகவரி யாருடையது என்று கேட்டதற்கு ஐ.எஸ்.பி. அவருடைய விவரத்தைக் கொடுத்தது. அந்த விவரம் தவறு. அது தெரிந்து அவர் வெளியே வருவதற்குள் 50 நாள் சிறையில் இருந்துவிட்டார்.

அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. அவர் செய்த வேலைதான் நானும் செய்கிறேன். ஒரு வரி, ஒரு பேர். அதைச் சரிபார்க்க அவருக்கு வழியே இல்லை. ஹூ-இஸ் தட்டினால் ஐ.எஸ்.பி.யின் பேர்தான் வரும். அவர் பேர் இருந்தது உள்ளறைப் பேரேட்டில்.

இன்னொரு சம்பவம் அமெரிக்காவில். 2016இல் வெளியே தெரிந்தது. கான்சாஸ் மாநிலத்தில் ஒரு பண்ணை வீடு. வருஷக்கணக்காக அங்கே போலீஸ் வரும், வரி மோசடியைத் தேடி அதிகாரிகள் வருவார்கள், தற்கொலை செய்யப்போவதாகச் சொன்ன யாரையோ தேடி ஆம்புலன்ஸ் வரும். வீட்டில் இருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. காரணம், ஐ.பி. முகவரிக்கு இடம் சொல்லும் மேக்ஸ்மைண்ட் நிறுவனத்தின் தரவுத்தளம். ஒரு முகவரி அமெரிக்காவில் இருக்கிறது என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாவிட்டால், நாட்டின் நடுப்புள்ளியை முழு எண்ணாக்கி 38 டிகிரி வடக்கு, 97 டிகிரி மேற்கு என்று போட்டு வைத்திருந்தார்கள். அந்தப் புள்ளி அந்த வீட்டின் தலையில் விழுந்தது. 60 கோடிக்கும் மேற்பட்ட முகவரிகள் அந்த ஒரு வீட்டைக் காட்டின. விஷயம் வெளியே வந்ததும் புள்ளியை ஒரு ஏரியின் நடுவே நகர்த்தினார்கள்.

இரண்டிலும் நடந்தது ஒன்றுதான். பதிவகத்தின் வரி 'யாரைக் கூப்பிட்டுக் கேட்பது' என்ற கேள்விக்கு எழுதப்பட்டது. அதற்குக் கீழே ஐ.எஸ்.பி.யின் நோட்டு, அதற்கும் கீழே யாரோ ஊகித்த ஒரு புள்ளி. மேலே இருக்கும் வரிக்கு உள்ள மரியாதையைக் கீழே இருப்பவற்றுக்கும் கொடுத்து, 'யார் வீட்டுக் கதவைத் தட்டுவது' என்று நாம் கேட்க ஆரம்பித்துவிட்டோம்.

எண் தீர்ந்தது, வரிக்கு விலை வந்தது

2011 பிப்ரவரி 3ஆம் தேதி உலகப் பொதுக் கையிருப்பிலிருந்த கடைசி ஐந்து பெருந்தொகுதிகளும் ஐந்து கண்டப் பதிவகங்களுக்குக் கொடுக்கப்பட்டன. ஏப்ரல் 15ஆம் தேதி ஏப்நிக் தன் கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. அதன்பின் ஓர் உறுப்பினருக்கு அதிலிருந்து 1,024 முகவரிகளுக்கு மேல் கிடையாது. அந்தக் கடைசித் தொகுதி 103இல் தொடங்குவது. நம் ஊர் சின்ன ஐ.எஸ்.பி.க்களின் முகவரிகள் பல 103 என்று ஆரம்பிப்பதன் காரணம் இதுதான். பந்தியில் கடைசி வரிசை.

அதே வருஷம் திவாலான நார்டெல் நிறுவனத்திடமிருந்து மைக்ரோசாஃப்ட் 6,66,624 முகவரிகளை 75 லட்சம் டாலருக்கு வாங்கியது. ஒன்றுக்குப் பதினோரு டாலருக்கு மேல். 1981 பட்டியலில் சும்மா கிடைத்த தன் தொகுதியில் பாதியை விற்கப்போவதாக எம்.ஐ.டி. 2017இல் அறிவித்தது, அதில் பெரும்பகுதி அமேசானுக்குப் போனது. போன் புத்தகம், கணக்கு நோட்டு, இப்போது நிலப் பதிவேடு. வரி அதேதான், அதை வைத்துச் செய்யும் வேலைதான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

என் வீட்டு எண்

போன வருஷம் வீட்டில் ஒரு சின்ன சர்வர் வைத்தேன். வெளியிலிருந்து அதைத் தொட முடியவில்லை. ரூட்டரில் பார்த்தால் முகவரி 100.70 என்று ஆரம்பிக்கிறது. 100.64இல் தொடங்கும் அந்த நாற்பது லட்சச் சொச்சம் எண்கள் 2012இல் ஒதுக்கப்பட்டவை. பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் ஐ.எஸ்.பி. ஒளித்து வைப்பதற்கு. ஒண்டுக் குடித்தனம். சரி என்று கூடுதல் காசு கட்டி ஸ்டாட்டிக் ஐ.பி. கேட்டேன். ஒன்று வந்தது. 103.

கிண்டி பாடம் மறக்கவில்லை. முதலில் கறுப்புப் பட்டியல்களில் தேடினேன், இல்லை. ஹூ-இஸ் தட்டினேன். ஐ.எஸ்.பி.யின் பேர் மட்டும். என் பேர் இல்லை என்பதில் நிம்மதி. ஆனால் உள்ளறை நோட்டில் என் வரி எப்படி எழுதியிருக்கிறார்கள்? நேராக ஆபீசுக்குப் போய், "இந்த எண்ணை எந்தத் தேதியிலிருந்து எனக்குக் கொடுத்திருக்கீங்கன்னு ஒரு மெயில் போடுங்க தம்பி" என்றேன். "இதுவரைக்கும் யாருமே கேட்டதில்ல சார்" என்றார் அந்தப் பையன். போட்டுக் கொடுத்தார். நீங்களும் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், திருப்பிக் கொடுக்கும்போது திருப்பிக் கொடுத்த தேதியோடு இன்னொரு மெயில். வாடகை வீட்டைக் காலி செய்யும்போது சாவியைக் கையில் கொடுத்துச் சொல்லிவிட்டுத்தானே வருகிறோம்?

இதை நான் அறிவுரையாகச் சொல்ல எனக்கு அருகதை குறைவுதான். 2005இல் பதிவு எங்கள் பேருக்கு மாறியதும் அந்த ஏற்றுமதி கம்பெனிக்காரருக்கு போன் செய்து சொன்னேன். சந்தோஷப்பட்டார். வைக்கும் முன் ஒரு வார்த்தை சொன்னார்: "நீங்க காலி பண்றப்போ மறக்காம எடுக்கச் சொல்லிடுங்க தம்பி. அடுத்து வர்றவன் உங்களுக்கு போன் பண்ணுவான்."

நான் அங்கிருந்து விலகிய மறுவருஷம் அந்தக் கம்பெனி மூடப்பட்டது. பதிவை எடுக்கச் சொன்னார்களா என்று கேட்க ஆள் இல்லை. போன வாரம் அந்தப் பழைய எண்ணை ஞாபகத்திலிருந்து எடுத்து ஹூ-இஸ் தட்டினேன். ஐ.எஸ்.பி.யின் பேர் மட்டும் வந்தது. உள்ளே எங்கள் பேர் இன்னும் இருக்கிறதா என்று வெளியில் நிற்பவனுக்குத் தெரியாது.